சிவப்பு அடிக்காத கெணறு

நீயே ஜன்னல் பக்கம் உக்காந்துக்கோ கண்ணு. எனக்குக் கழுத்து திரும்பாது. நேரா முன்னாடி பார்த்துக்கிட்டேதான் பேசுவேன், மரியாதை தெரியாத பொம்பளைன்னு நினைச்சிக்காத. குடம் தூக்கித் தூக்கி இப்படி ஆயிடுச்சி. தைலம் தடவிப் பார்த்தேன், ஒத்தடம் கொடுத்துப் பார்த்தேன், கேக்கறதில்ல. வயசாவுது, விடு.

அரூர் வரைக்கும் போறியா? நான் முன்னாடியே எறங்கிடுவேன். நடுப்பட்டி. என் ஓரகத்தியோட அம்மா வீடு அங்க இருக்குது. கொழுந்தன் பொண்டாட்டி. கோவிச்சிக்கிட்டுப் போய்ட்டா, புள்ளையையும் கூட்டிக்கிட்டு. அழைச்சிக்கிட்டு வரத்தான் போறேன். மூத்தவ நான், சின்னவளைத் தேடி பஸ் ஏறிப் போறேன். எங்க வீட்டுக்காரரு இருந்திருந்தா விட்டிருக்க மாட்டாரு.

எதுக்குச் சண்டைன்னு கேட்டா சிரிப்ப. நகைக்கில்ல, நிலத்துக்கில்ல. தண்ணிக்கி. யாருகிட்ட வந்து? எங்கிட்ட வந்து.

உனக்கு என்னைத் தெரியாது, அதான் இப்படிப் பார்க்கிற. எங்க பக்கம் வந்து மாதம்மான்னு கேட்டா, எந்த மாதம்மான்னு கேப்பாங்க. எங்க பக்கத்துல வீட்டுக்கு ஒரு மாதம்மா. தண்ணி மாதம்மான்னு சொல்லிப் பாரு, வாசல்ல கொண்டாந்து விட்டுட்டுப் போவாங்க. பஸ்ஸு டிரைவருக்குக்கூடத் தெரியும். எத்தனை தடவ குடத்தோட அவன் வண்டியை மறிச்சிருப்பேன். இப்ப ஏறினப்பகூட, என்னாம்மா இன்னிக்குக் குடம் இல்லையான்னு கேட்டான்.

பனைமரத்துக் கொட்டாய் எங்க ஊரு. கேள்விப்பட்டிருக்க மாட்ட. மஞ்சப்பல்லு ஊருன்னா கேள்விப்பட்டிருப்ப. பொறந்த புள்ளைக்குப் பால்பல்லு நல்லாத்தான் மொளைக்கும். அது விழுந்து மறுபல்லு வருது பாரு, மேல காவிக்கறை. என்ன தேய்ச்சாலும் போகாது. செங்கல்தூள் வச்சித் தேய்ச்சவங்க உண்டு, அடுப்புச் சாம்பல் வச்சித் தேய்ச்சவங்க உண்டு. ஈறுதான் புண்ணாச்சி. எங்க ஊருப் பொண்ணுங்களுக்குச் சிரிப்பு வந்தா கை தானா வாய்க்குப் போவும். பொண்ணு பாக்க வர்றவங்க, ஒரு வேடிக்கைப் பேச்சா எடுத்து விட்டுச் சிரிக்க வச்சிப் பாப்பாங்க. தந்திரக்காரங்க. அப்படியே எத்தனை சம்பந்தம் எழுந்து போயிருக்குது தெரியுமா.

பல்லோட போச்சின்னாலும் பரவாயில்ல. அப்புறம் முட்டி பிடிக்கும். அப்புறம் முதுகு. நாப்பது வயசுக்காரன் தரையில உக்காந்தா எந்திரிக்க ஆள் பிடிக்கணும். நாங்க என்னமோ எங்க ஊரு வாகு அப்படின்னு நினைச்சிக்கிட்டுக் கெடந்தோம். பக்கத்து ஊருக்காரங்க, ஏதோ சாமி குத்தம்னாங்க. அதுக்கும் ஒரு படையல் போட்டுப் பார்த்தோம்.

அப்பத்தான் ஒரு மேடம் வந்தாங்க. தண்ணிக்காகப் பாடுபடற ஏதோ ஒரு அமைப்பு. சின்னச் சின்ன பாட்டில் கொண்டாந்தாங்க. அதுல மருந்து ரோஸ் கலர்ல இருக்கும். நம்ம தண்ணியக் கொஞ்சம் எடுத்து அந்த மருந்தை விட்டா, நல்ல தண்ணின்னா ரோஸ் ரோஸாவே நிக்கும். கெட்ட தண்ணின்னா மஞ்சளாயிடும். தண்ணியில ஃபுளோரைடுன்னு ஒண்ணு இருக்குதாம். கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்குத் தெரியாது, காய்ச்சினாலும் போகாது. அதான் பல்லையும் எலும்பையும் திங்குதுன்னு சொன்னாங்க. இந்தப் பாடத்தை நான் எத்தனை ஊருக்குப் போய்ச் சொல்லியிருக்கேன் தெரியுமா கண்ணு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். நாக்கை நம்பாதீங்க, மருந்தை நம்புங்க. இதுதான் நான் பேசறது.

எங்க ஊரு அடிபம்பு ஒண்ணு பாக்கியில்லாம மஞ்சளாச்சி. கெட்ட பம்புக்கெல்லாம் சிவப்பு பெயிண்ட் அடிக்கணும்னாங்க, யாரும் குடிக்கக் கூடாதுன்னு அடையாளம். டப்பாவும் பிரஷும் நான்தான் வாங்கிக்கிட்டேன். என் கையாலதான் ஒவ்வொண்ணுக்கும் அடிச்சேன். கோயில் பக்கத்துப் பம்புக்கு அடிக்கப் போனப்ப ஒரு பெரியவரு சண்டைக்கு வந்துட்டாரு. எங்கப்பன் காலத்துல இருந்து குடிக்கிறோம், இதுக்குப் போயி சிவப்பு அடிப்பியான்னு. பம்பு மேல பாசமா, உம்பேரன் மேல பாசமான்னு ஒரே கேள்விதான் கேட்டேன். துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போய்ட்டாரு.

பம்பெல்லாம் மூடியாச்சி, குடிக்கறதுக்கு எங்க போறது? மோப்பம் பிடிச்ச மாதிரி கேன் தண்ணி விக்கறவன் வண்டியோட வந்துட்டான். கூலி வேலை செய்யறவங்க தினம் கேன் வாங்க முடியுமா? வாங்கறவங்க வாங்கினாங்க. மத்தவங்க, யாரும் பார்க்காதப்ப சிவப்பு அடிச்ச பம்பையே அடிச்சிக் கொண்டு போனாங்க. எனக்கு மனசு கேக்கல. பணம் இருக்கறவன் எலும்பு ஒண்ணு, இல்லாதவன் எலும்பு ஒண்ணான்னு நினைச்சேன். எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னேன். யாரும் விலைக்கு வாங்க வேணாம். நல்ல குழாய் வர்ற வரைக்கும் எங்க கெணத்துல வந்து எடுத்துக்கோங்கன்னு.

அது எங்க சொந்தக் கெணறு. எங்க வீட்டுக்காரரு தன் கையால வெட்டினது. கல்யாணமான புதுசு. அவரு உளி பிடிச்சாரு, நான் கூடையில கல்லு சுமந்தேன். வெறும் பாறை. உள்ளூரு ஆளுங்க, இங்க தண்ணி இல்லப்பா, விட்டுடுன்னாங்க. விடல. ஒரு நாள் உள்ள இருந்து என் பேரைச் சொல்லிக் கத்தினாரு. ஏதோ அடிபட்டுடுச்சின்னு எட்டிப் பார்த்தேன். ரெண்டு கையிலயும் தண்ணிய ஏந்திக்கிட்டு நிக்கறாரு. அதுக்கு முன்னயும் பின்னயும் என் பேரைச் சொல்லி அவரு கூப்பிட்டதில்ல. ஏய்னுதான் கூப்பிடுவாரு.

பின்னாடி மழை இல்லாத காலத்துல அது வத்திப்போச்சி. கடனை உடனை வாங்கி கெணத்துக்குள்ளயே போர் எறக்கினாரு. ஆழத்துல இருந்து வந்துச்சி பாரு தண்ணி, அப்படியே இளநி மாதிரி. இப்பவும் அதே ருசி. ஊரு முழுக்கப் பல வருஷம் அந்தத் தண்ணியத்தான் குடிச்சிச்சி. ஒரு குடத்துக்கு ஒரு பைசா வாங்கினதில்ல. மோட்டார் காயில் போனா நாங்களே மாத்திக்குவோம். பொண்ணுங்க வரிசையில குடம் வச்சிட்டு நிக்கும். இவரு கட்டிலைப் போட்டுக்கிட்டு வேடிக்கை பார்ப்பாரு. அவ்வளவு சந்தோஷம் மனுஷனுக்கு.

அந்தக் கெணத்துக்கு மருந்து விட்டுப் பார்க்கலையான்னா கேக்கற?

நீயும் என் ஓரகத்தி மாதிரியே கேக்கற. அது எங்க கெணறு கண்ணு. கவர்மெண்டு பம்பு கெட்டுப்போச்சின்னு கவர்மெண்டைக் கேக்கறோம். சொந்தக் கெணத்துக்கு யாரைப் போய்க் கேக்கறது? அந்த மேடமே கேட்டாங்க, உங்க தண்ணியும் கொஞ்சம் எடுத்துக்கலாமான்னு. மொதல்ல குடிச்சிப் பாருங்கன்னு சொம்புல கொடுத்தேன். வெயில்ல வந்தவங்க, மடமடன்னு குடிச்சிட்டு, அருமையா இருக்குதும்மான்னாங்க. அதோட போச்சி.

சரி, அதை விடு. குழாய்க்கு வர்றேன். திங்கக்கிழமைதான் ஜில்லா ஆபீஸ்ல மனு வாங்குவாங்க. எத்தனை திங்கக்கிழமைன்னு கேட்டா எனக்கே கணக்கில்ல. மொத பஸ்ஸைப் பிடிக்கணும், கட்டுச்சோறு கட்டணும், வரிசையில நிக்கணும். ஆவன செய்யறோம்மான்னு சொல்லுவாங்க. திரும்பி வரணும். அதிகாரி மாறுவாரு. புதுசா வந்தவருக்கு மறுபடியும் மொதல்ல இருந்து சொல்லணும். கூட வந்த பொண்ணுங்க ஒவ்வொண்ணா நின்னுட்டாளுங்க. கூலி போவுதுன்னாங்க, வீட்டுல திட்டறாங்கன்னாங்க. அவங்களைச் சொல்லிக் குத்தமில்ல. எனக்குப் புள்ளையா குட்டியா, நான் போனேன்.

ஒரு தடவ மட்டும் ஊருப் புள்ளைங்களை எல்லாம் டெம்போவுல ஏத்திக்கிட்டுப் போனேன். ஆபீஸ் வாசல்ல வரிசையா நிக்க வச்சேன். பெரிய அதிகாரி கார்ல இருந்து எறங்கினதும், சிரிங்கடான்னேன். ஒண்ணும் சிரிக்கல. உதட்டை இறுக்கிக்கிட்டு நிக்குதுங்க. நாமதானே வாயை மூடு மூடுன்னு சொல்லி வளர்த்தோம், எப்படிச் சிரிக்கும்? எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சி. அப்ப எங்கொழுந்தன் தீர்த்தகிரி முன்னாடி வந்தான். காலேஜு படிக்கிற பையன், அந்த வயசுல எவ்வளவு கூச்சம் இருக்கும். வாய் மேல இருந்த கையை எடுத்துட்டு, அந்த அதிகாரி மூஞ்சிக்கு நேரா ஈன்னு பல்லைக் காட்டிக்கிட்டு நின்னான். அவனைப் பார்த்து மத்ததுங்களும் காட்டிச்சி. அந்த அதிகாரி தலையைக் குனிஞ்சிக்கிட்டாரு. அந்தத் திங்கக்கிழமைக்கு அப்புறம்தான் எங்க ஊரு பேரு திட்டத்துல ஏறிச்சி.

தீர்த்தகிரி எனக்குக் கொழுந்தன்னு பேரு, நான் வளர்த்த புள்ளை. மாமியா சாவும்போது அவன் தவழற குழந்தை. எங்க வீட்டுச் சோறு, எங்க வீட்டுத் தண்ணின்னு என் இடுப்புலயே வளர்ந்தான். அவனுக்கும் பல்லு கறைதான். ஸ்கூல்ல அடிபம்பு இருந்துச்சி, அதுல குடிச்சிக் குடிச்சி ஆயிடுச்சி. நான் என்ன பண்றது, கூடவே போய்க் காவல் காக்க முடியுமா?

கடைசியா காவிரித் தண்ணி வந்துச்சி. தெருவுக்குத் தெரு குழாய், அப்புறம் வீட்டுக்கு வீடு. மொத நாள் குழாய்க்கு மஞ்ச குங்குமம் வச்சித் தேங்கா உடைச்சாங்க. மொத குடத்தை என் தலையில ஊத்தினாங்க. ஊரே கைதட்டுது. நான் அழுதேன். சந்தோஷத்துல அழுவறான்னு எல்லாரும் நினைச்சாங்க. அசதி கண்ணு. இத்தனை வருஷ அசதியும் அன்னிக்கு ஒரே நாள்ல வந்து உக்காந்துக்கிச்சி. இன்னிக்கு வரைக்கும் எறங்கல.

நாங்க குடிக்கிறோமான்னா? ஊரு குடிக்குது. எங்க வீட்டுல அந்தத் தண்ணி மாட்டுக்கு வைப்போம், பாத்திரம் கழுவுவோம். அதுல மருந்து வாடை வருது. டீ போட்டா டீ மாதிரி இல்ல. எங்களுக்குத்தான் கெணறு இருக்குதே. இல்லாதவங்களுக்காகச் சண்டை போட்டேன், வந்துச்சி, குடிக்கிறாங்க. அவ்வளவுதானே?

எங்க வீட்டுக்காரரு கடைசி வரைக்கும் கெணத்துத் தண்ணிதான். குழாய்த் தண்ணிய வாயில வச்சதில்ல. அவருக்குக் கடைசி காலத்துல முதுகு வளைஞ்சி மடங்கிப்போச்சி. படுத்தா நிமிர முடியாது. யாராவது கூப்பிட்டாக் கழுத்து திரும்பாது, உடம்போட திரும்பிப் பார்ப்பாரு. பாறையை வெட்டின ஒடம்பு, வளையாம என்ன பண்ணும்? உயிர் போறப்ப பால் ஊத்தினாங்க, எறங்கல, கடவாயில வழிஞ்சிடுச்சி. நான் கெணத்துத் தண்ணி ஒரு சொட்டு விட்டேன். எறங்கிடுச்சி. எல்லாரும் பார்த்தாங்க.

இப்ப பவித்ராவுக்கு வர்றேன். அதான் ஓரகத்தி. நல்ல பொண்ணு, அதைச் சொல்லிடணும். தீர்த்தகிரி பொண்ணு பாக்கப் போனப்ப இவன் சிரிக்கவே இல்ல. மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டு உக்காந்திருக்கான். அவதான் எல்லார் முன்னாடியும், ஏங்க, உங்களுக்குச் சிரிக்கத் தெரியாதான்னு கேட்டாளாம். அதுல இவன் சிரிச்சிட்டான். பல்லைப் பார்த்த பின்னாடியும் சரின்னு சொன்னவ. எங்கிட்ட அக்கா அக்கான்னு உயிரா இருப்பா. அவனுக்கு ஓசூர்ல வேலை, வாரத்துக்கு ஒரு நாள் வருவான். வீட்டுல நாங்க ரெண்டு பொம்பளைங்களும் தர்ஷிகாவும்தான். தர்ஷி அவங்க மவ. ஒண்ணாப்பு படிக்குது. என்னைப் பெரிம்மா பெரிம்மான்னு அது கூப்பிடறதுக்குத்தான் நான் உசுரோட இருக்கேன்னு வச்சிக்கோயேன்.

ஊருக்கு அஞ்சு பொண்ணுங்களுக்குத் தண்ணி பார்க்கற மருந்துப் பெட்டி கொடுக்கறாங்கன்னு பஞ்சாயத்துல சொன்னாங்க. பவித்ரா பேரை நான்தான் சொன்னேன். படிச்சவ, சுறுசுறுப்பானவ. எனக்கு அப்புறம் இந்த வேலையை யாராவது பார்க்கணும்ல. அதே மருந்துதான், அதே ரோஸ் கலர். குழாய்த் தண்ணியப் பார்த்தா, பள்ளிக்கூடத் தொட்டியப் பார்த்தா. எல்லாம் நல்லா இருந்துச்சி. ஒரு நாள் மத்தியானம் பாட்டிலைக் கையில வச்சிக்கிட்டு அடுப்படியில வந்து நிக்கறா. மூஞ்சி வெளிறிப்போயி இருக்குது. அக்கா, இது நம்ம கெணத்துத் தண்ணிங்கறா.

மஞ்சளா இருந்துச்சி.

மருந்து பழசா இருக்கும்னு சொன்னேன். அவ குழாய்த் தண்ணியக் கொஞ்சம் எடுத்து அதே மருந்தை விட்டா. ரோஸாவே நின்னுச்சி. மறுபடியும் கெணத்துத் தண்ணி. மறுபடியும் மஞ்சள். பாட்டிலைச் சரியாக் கழுவலன்னு சொன்னேன். கழுவிட்டுச் செஞ்சா. எனக்குக் கோவம் வந்துடுச்சி. இந்த மருந்தைப் பத்தி எனக்கே நீ சொல்லித் தர்றியா, பெட்டியை மூடி வைன்னேன். வச்சிட்டா. ஆனா அதுக்கப்புறம் அவளும் தர்ஷியும் குழாய்த் தண்ணிதான் குடிச்சாங்க. தனியா ஒரு பானை வச்சிக்கிட்டா. ஒரே வீட்டுல ரெண்டு பானை. எனக்கு எப்படி இருக்கும், சொல்லு.

தர்ஷி குழாய்த் தண்ணிய வாயில வச்சா மூஞ்சியைச் சுளிக்கும். அதைப் பார்த்தா வயித்தெரிச்சலா இருக்கும். ஸ்கூல் போறப்ப பவித்ரா அந்தத் தண்ணியத்தான் பாட்டில்ல ரொப்பி வைப்பா. நான் செருப்பு மாட்டி விடற சாக்குல அதை முருங்கைக்கு ஊத்திட்டு நம்ம தண்ணிய ரொப்பி அனுப்புவேன். புள்ளை தாகத்தோட இருக்கக் கூடாதுல்ல. அது ஒரு நாள் அவங்கம்மாகிட்ட, பெரிம்மா மாத்தித் தர்ற தண்ணிதான் இனிக்குதுன்னு சொல்லிடுச்சி. குழந்தைக்கு என்ன தெரியும்.

பவித்ரா சண்டை போடல. அதான் எனக்குத் தாங்கல. சத்தம் போட்டிருந்தா நானும் போட்டிருப்பேன். அவ தர்ஷியைக் கூப்பிட்டு வாயைத் தொறக்கச் சொன்னா. அதுக்கு அப்பத்தான் முன்பல்லு விழுந்து, ஈறுக்குள்ள மறுபல்லு கொஞ்சமா வெள்ளையாத் தெரியுது. அதையே பார்த்துக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தா.

மறுநாள் விடிஞ்சி நான் கெணத்துப் பக்கம் போறேன், கைப்பிடிச் சுவரு முழுக்கச் சிவப்பு பெயிண்ட். ஈரம்கூடக் காயல. டப்பா எது தெரியுமா? நான் பம்புக்கு அடிச்சி மிச்சம் வச்சிருந்த டப்பா. பரண்ல கெடந்தது. பவித்ரா பிரஷோட அங்கயே நிக்கறா. ஓடி ஒளியல.

"நீங்க ஊருக்கெல்லாம் சொன்னதத்தான்க்கா நான் நம்ம வீட்டுக்குச் சொல்றேன்"ன்னா.

"அவரு சாவற வரைக்கும் குடிச்ச தண்ணி இது, தெரியுமா"ன்னேன்.

"தெரியும்க்கா. அதுக்குத்தான் அடிச்சேன்."

அந்த வார்த்தையை அவ சொல்லியிருக்கக் கூடாது கண்ணு. நீயே சொல்லு, சொல்லியிருக்கலாமா? அவரு முதுகு அந்தக் கெணத்தை வெட்டி வளைஞ்ச முதுகு. அதுக்கு வேற காரணம் சொல்ல இவ யாரு? நான் சுண்ணாம்பைக் கரைச்சி எடுத்தாந்து அவ கண்ணு முன்னாடியே பூசினேன். ஒரு பூச்சுல சிவப்பு மறையல. ரெண்டு பூச்சு, மூணு பூச்சு பூசினேன். இப்பவும் வெயில் பட்டா ரோஸ் கலராத்தான் தெரியுது. நான் பூசி முடிக்கறதுக்குள்ள அவ துணியை எடுத்து வச்சிக்கிட்டுப் புள்ளையோட கெளம்பிட்டா. தர்ஷி மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே போச்சி.

தீர்த்தகிரிக்கு போன் போட்டேன். எம்புள்ளை, எம்பக்கம் பேசுவான்னு நம்பினேன். அவன், "அண்ணி, எனக்கு ஸ்கூல் பம்புலதான் பல்லு கெட்டுச்சின்னு எல்லார்கிட்டயும் சொல்லுவீங்க. நான் படிச்சப்ப அந்த ஸ்கூல்ல பம்பே இல்ல அண்ணி. நீங்கதான் தினம் தூக்குல தண்ணி கொடுத்து விடுவீங்க"ன்னான். அவனுக்கு என்ன ஞாபகம் இருக்கும், அப்போ சின்னப் பையன். பொண்டாட்டி சொல்லிக் கொடுத்திருப்பா. பம்பு இருந்துச்சி. பின்னாடி வந்துச்சோ, முன்னாடியே இருந்துச்சோ, எனக்கும் இப்ப சரியாச் சொல்ல வரல. நான்தான் அதுக்குச் சிவப்பு அடிச்சேன், அது நல்லா ஞாபகம் இருக்குது.

பவித்ரா சொல்லி அனுப்பியிருக்கா. வர்ற கிராம சபையில நான் எந்திரிச்சி, எங்க கெணத்துத் தண்ணியும் கெட்டதுன்னு சொல்லணுமாம். சொன்னா அன்னிக்கே புள்ளையோட வந்துடுவாளாம். வேற ஒண்ணும் வேணாமாம். மன்னிப்புகூட வேணாமாம்.

எப்படிச் சொல்றது? எதிர்ல யார் உக்காந்திருப்பாங்க? எல்லாம் அந்தக் கெணத்துல குடிச்சவங்கதான். மாசமா இருக்கும்போது ரெண்டு ரெண்டு குடமா எடுத்துக்கிட்டுப் போனவங்க இருக்காங்க. பச்சப்புள்ளைக்கு ஆத்திக் கொடுத்தவங்க இருக்காங்க. பம்புத் தண்ணி வேணாம், எங்கிட்ட வாங்கன்னு கையைப் பிடிச்சிக் கூப்பிட்டவ நான். அந்தச் சமயத்துல பொறந்த புள்ளைங்களுக்கும் பல்லுல கறைதான். அது ஏன்னு ஒருத்தரும் எங்கிட்ட கேட்டதில்ல. திருட்டுத்தனமா பம்புத் தண்ணி குடிச்சிருப்பாங்கன்னு நான்தான் அவங்களைத் திட்டுவேன். அவங்க முன்னாடி எந்திரிச்சி நான் என்னான்னு ஆரம்பிக்கறது? அதெல்லாம் ஆவாது. தண்ணி நல்ல தண்ணி. போயி நாலு வார்த்தை தன்மையாப் பேசி, புள்ளையக் கூட்டிக்கிட்டு வந்துடணும். எனக்குச் சண்டை போடத் தெம்பில்ல. யாருகிட்டயும் சண்டை போடத் தெம்பில்ல.

என்னா கண்ணு, மூச்சு வாங்கற மாதிரி இருக்குது? நான் பாட்டுக்கு முன்னாடி பார்த்துக்கிட்டுப் பேசிக்கிட்டே வர்றேன், உன் மூஞ்சியப் பார்க்கல. இரு, உடம்போட திரும்பிக்கறேன். வேர்த்து ஊத்துதே. குமட்டுதா? முழுகாம இருக்கிறியா?

சொல்ல வேணாமா மொதல்லயே. எத்தனாவது மாசம்? நாலா. மொத குழந்தையா. இந்த வெயில்ல தனியா வர விட்டிருக்காங்க பாரு. ஜன்னலை நல்லாத் தள்ளி விடு. தண்ணி வச்சிருக்கிறியா? காலியா. அதனால என்ன, எங்கிட்ட இருக்குது. காலுக்கு அடியில பையில கேன் இருக்குது பாரு, அதை எடு. தர்ஷிக்குன்னு காலையில கெணத்துல பிடிச்சது. பத்து நாளா அது நம்ம தண்ணி குடிக்கல, ஏங்கிப் போயிருக்கும்னு எடுத்தாந்தேன். மூடியில ஊத்தறேன், ஆடாம பிடி. இந்தா. கொஞ்சமாக் குடி, ஒரே மூச்சுல குடிக்காத.

இரு.

குடிச்சிட்டியா? இல்லையே. உதட்டுல படலையே? கொடு. மூடியை இப்படிக் கொடு. ஒண்ணுமில்ல, கேன் பழசு, பிளாஸ்டிக் வாடை வரும். கொடுன்னா கொடேன் கண்ணு.

தம்பி, முன்னாடி சீட்டுத் தம்பி, கடையில வாங்கின தண்ணி பாட்டில் யாராவது வச்சிருக்கிறீங்களா? புள்ளத்தாச்சிப் பொண்ணு, மயக்கமா வருதாம். இருக்குதா? நல்லா இருப்ப. குடி கண்ணு. அதைக் குடி. முழுசும் குடி.

என்னை ஏன் பார்க்கிற. கேன் மூடியை இறுக்கி மூடறேன், அவ்வளவுதான்.

அந்தப் புளியந்தோப்பு தாண்டினா நடுப்பட்டி. நான் மெதுவா எந்திரிக்கணும், இப்பவே எந்திரிச்சாத்தான் ஆவும். பையை மட்டும் எடுத்துக் கொடு. கேன் வேணாம். அது இங்கயே இருக்கட்டும். டிரைவர்கிட்ட சொல்லு, வண்டி ரேடியேட்டருக்கு ஊத்திக்கட்டும். ஆனா யாரும் குடிச்சிட வேணாம்னு சொல்லிடு. டிரைவர்கிட்டயும் சொல்லு, கண்டக்டர்கிட்டயும் சொல்லு. ஏன் குடிக்கக் கூடாதுன்னு கேப்பாங்க. தண்ணி மாதம்மா சொன்னான்னு சொல்லு.